சீனத்து நூடுல்சும் செட்டிநாட்டு இருப்புச்சட்டியும்

முன்னுரை

ஓர் ஊரின் வரலாற்றை அறிய விரும்புவோர் அதன் கல்வெட்டுகளைப் படிப்பர், கோயில்களைக் காண்பர். அவ்வூரின் அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பவர் சிலரே. ஆனால் நம் செட்டிநாட்டைப் பொறுத்தவரை, கடல் கடந்து சென்றவர்களின் வரலாறு வீட்டுத் தேக்குத் தூண்களில் எவ்வளவு இருக்கிறதோ, அதில் பாதியாவது அடுப்பங்கரையிலும் இருக்கிறது. பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி இன்று நம் திருமண விருந்துகளில் இனிப்பாக இடம்பெறுவதை யார் அறியார்?

இன்று மாலைப் பொழுதில் நம் ஊர்ச் சாலையோரம் நடந்தால், தள்ளுவண்டிகளில் இரும்புக் கரண்டி சட்டியில் மோதும் ஓசை கேட்கிறது. பெரும் தீ எழ, நூடுல்ஸ் மேலே பறந்து கீழே விழுகிறது. விடுதி மாணவர் பலருக்கு அதுவே இரவு உணவு. வீடுகளிலும் தம்பி தங்கையர் அதைத்தான் கேட்கின்றனர். நான்கு பேருக்குப் பொட்டலம் வாங்கினால் அன்றாடம் உழைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் மறுநாள் காய்கறிச் செலவில் துண்டு விழும். வீட்டில் செய்து பார்த்தாலோ குழைந்து, ஒட்டி, களி போல் ஆகிவிடுகிறது. “கடைக்காரர் ஏதோ பொடி போடுகிறார், அது நமக்கு வராது” என்று அம்மாக்கள் அடுப்பை அணைத்துவிடுகின்றனர்.

உண்மையில் அதில் மறைபொருள் ஏதும் இல்லை. வேதியியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், நான் அறிந்தவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க முயல்கிறேன்.

வந்த வழி

நூடுல்சின் தாயகம் சீனம். அந்நாட்டின் லாஜியா என்னுமிடத்தில், கவிழ்ந்து கிடந்த ஒரு மண்கலயத்தின் அடியில், சுமார் 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட நூடுல்ஸ் இழைகளைக் கண்டெடுத்ததாக ஆய்வாளர்கள் 2005-இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தனர். அங்கிருந்து வணிகரோடும் கூலித் தொழிலாளரோடும் அது தென்கிழக்கு ஆசியா எங்கும் பரவியது.

நம் நாட்டுக்கு அது இரண்டு வழிகளில் வந்தது எனலாம். முதலாவது கல்கத்தா வழி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சீனர் அங்குக் குடியேறத் தொடங்கினர். பின்னர் வந்த ஹக்கா இனத்தவர் டாங்ரா பகுதியில் தோல் பதனிடும் தொழிலை நடத்தினர். நம் நாட்டார் நாவுக்கு ஏற்பப் பச்சை மிளகாயும் பூண்டும் கூடுதலாகச் சேர்த்து அவர்கள் சமைத்த முறையே ‘இந்தியச் சீன உணவு’ என்று பெயர் பெற்றது. கடையில் விற்கும் பொட்டலத்தில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ என்று அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது வழி நம்மவர் வழி. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் கடைகளில் ‘மீ கோரிங்’ என்றோர் உணவு உண்டு. ‘மீ’ என்பது ஹொக்கியன் சீனமொழியில் நூடுல்ஸ். ‘கோரிங்’ என்பது மலாய் மொழியில் வறுத்தது. சீனரின் பண்டம், மலாய்ப் பெயர், தமிழரின் கைப்பக்குவம் மூன்றும் ஒரே தட்டில் கூடியிருப்பது வியப்பன்றோ! பர்மியரோ அதைக் ‘கௌசுவே’ என்பர். வறுத்தால் ‘கௌசுவே ஜோ’. கையால் பிசைந்து கலந்தால் ‘அதோ’.

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாக்கப்பட, தமிழர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினர். அவர்களுக்காக 1969-இல் சென்னையில் பர்மா பஜார் தோன்றியது. அதன் அருகில் இன்றும் அதோக் கடைகள் உள்ளன. நம் காரைக்குடியிலும் பர்மா காலனி என்ற பெயரில் ஒரு குடியிருப்பு இருப்பதை அனைவரும் அறிவோம்.

என் அப்பத்தா 1964-இல், தம் பதினான்காம் வயதில், ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். அங்கே பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தாரிடம் அவருடைய தாயார் கௌசுவே வறுக்கக் கற்றிருந்தார். தாயாரிடமிருந்து மகள் கற்றார். இங்கே திருமணமாகி வந்த புதிதில் அப்பத்தா ஒருநாள் மைதா மாவைப் பிசைந்து, தேய்த்து, கத்தியால் இழையிழையாக நறுக்கி அதைச் செய்திருக்கிறார். பார்த்த அக்கம்பக்கத்தார், “புழுவையா திங்கிறீங்க?” என்று சிரித்தார்களாம். அன்றோடு அவர் அதை நிறுத்திவிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை மீண்டும் செய்யவில்லை. தம்பி கடை நூடுல்சைப் பொட்டலமாக வாங்கி வந்தபோதுதான், “இது நம்ம கௌசுவேதானடா!” என்று வாய் திறந்தார். பிறகு நான் கேட்கக் கேட்க அவர் சொன்னவற்றையும், பாடநூல் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

கடைக்கும் வீட்டுக்கும் என்ன வேறுபாடு?

அப்பத்தா சொன்ன முதல் பாடம் இது: “தண்ணி இருக்கிற வரைக்கும் சட்டி சூடாகாதுடா.”

இதை இயற்பியல் வேறு சொற்களில் கூறுகிறது. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அது முழுவதும் ஆவியாகும் வரை அதைச் சுற்றியுள்ள பொருளின் வெப்பநிலை அதற்கு மேல் எளிதில் ஏறாது. ஆனால் வறுத்த பொருளுக்குரிய மணமும் பொன்னிறமும் தோன்ற ஏறத்தாழ 140 பாகையாவது வேண்டும். அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து மணம் தரும் இவ்வினையை 1912-இல் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் மெய்யார். தோசை முறுகுவதும் காப்பிக்கொட்டை வறுபடுவதும் இவ்வினையாலேயே. ஆகவே சட்டியில் நீர் நிற்கும் வரை நாம் செய்வது வறுத்தல் அன்று, அவித்தலே.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2260 ஜூல் வெப்பம் தேவை. சரியாக வடியாத நூடுல்சிலும் கழுவிய காய்களிலும் 50 கிராம் நீர் ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். அதைக் கொதிநிலைக்குக் கொணர்ந்து ஆவியாக்க ஏறத்தாழ 1,28,000 ஜூல் வேண்டும். நம் வீட்டு அடுப்பு சட்டிக்குள் செலுத்தும் வெப்பம் ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், அந்த நீரைப் போக்க மட்டுமே இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தில் நூடுல்ஸ் மேலும் வெந்து குழைந்துவிடும். கடைக்காரரின் அடுப்போ நம் அடுப்பைப் போலப் பல மடங்கு வெப்பம் தரவல்லது. நீர் விழுந்த கணமே ஆவியாகிவிடும். எண்ணெய்த் துளிகளில் தீ பற்றி எழும் புகைமணமும் சேர்ந்துகொள்ளும்.

கடைக்காரர் சட்டியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் வெறும் வேடிக்கை அன்று. வறுத்த சோறு சமைக்கும் சீனச் சமையற்காரர்களை ஆராய்ந்த ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார், அவர்கள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை சட்டியை ஆட்டுவதாக 2020-இல் எழுதினர். கடும் வெப்பத்தில் கருகாமல் காக்க அவ்வேகம் வேண்டும். நம் அடுப்பில் அவ்வளவு வெப்பம் இல்லை; ஆதலால் அந்த வித்தையும் நமக்குத் தேவையில்லை.

நமக்கு வேண்டியவை மூன்றே: ஈரத்தைக் குறைத்தல், அளவைக் குறைத்தல், சட்டியை முன்கூட்டியே நன்கு காயவைத்தல். இம்மூன்றையும் கடைப்பிடித்தால் சிறிய அடுப்பும் பெரிய அடுப்பின் வேலையைச் செய்யும்.

இழையின் இயல்பு

கோதுமை மாவில் குளூட்டன் என்னும் புரதம் வலைபோல் பின்னி நிற்கிறது. அதனால் இழை வளைகிறது, நீள்கிறது, கிளறினாலும் அறுவதில்லை. அரிசியில் இப்புரதம் இல்லை. ஆகவேதான் நம் இடியாப்பத்தைத் தாளிக்கும்போது மெல்லப் பிரட்ட வேண்டியிருக்கிறது.

சீன நூடுல்ஸ் சிலவற்றின் மஞ்சள் நிறத்துக்கு முட்டை மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. மாவில் சோடியம் கார்பனேட்டு, பொட்டாசியம் கார்பனேட்டு போன்ற காரப் பொருள்களைச் சிறிது சேர்ப்பர். மாவிலுள்ள பிளேவோன் என்னும் நிறமி காரத்தில் மஞ்சளாகும். குளூட்டன் வலையும் இறுகி, இழை மீள்தன்மை பெறும். அப்பத்தா மைதாவில் ஒரு சிட்டிகை அப்பளக்காரம் போட்டதாகச் சொன்னபோது நான் வியந்து போனேன். அப்பளத்துக்கு நாம் இடும் அதே காரந்தான் அங்கே நூடுல்சுக்கும் ஆகிறது!

தேவையான பொருள்கள் (இருவருக்கு)

உலர்ந்த நூடுல்ஸ் 150 கிராம், முட்டை 2, மெல்லிதாக அரிந்த முட்டைக்கோஸ் 100 கிராம், சிறிய கேரட் 1, குடைமிளகாய் பாதி, பீன்ஸ் 6, பெரிய வெங்காயம் 1, பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 1, வெங்காயத் தாள் சிறிது, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி, மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு சிட்டிகை. சைவ உணவினர் முட்டையை விட்டுவிட்டு, வறுத்த நிலக்கடலையையோ காளானையோ சேர்க்கலாம். காளானில் நீர் மிகுதி; அதைத் தனியே வறுத்து ஈரம் போக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

வேகவைக்கும் முறை

அகன்ற பாத்திரத்தில் ஒன்றரை லிட்டர் நீரைக் கொதிக்கவிட்டு, ஒரு தேக்கரண்டி உப்பிட்டு, நூடுல்சைப் போடுங்கள். நீர் குறைவாக இருந்தால், வெளிவரும் மாவுச்சத்து கஞ்சியாகி இழைகளை ஒட்டவைக்கும். பொட்டலத்தில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே இறக்குங்கள். ஓர் இழையைக் கடித்துப் பார்த்தால் நடுவில் சற்றே கடினம் தெரிய வேண்டும். மீதி வேக்காடு சட்டியில் நடைபெறும்.

உடனே வடித்து, குளிர்ந்த நீரில் அலசுங்கள். வேக்காடு நிற்கும், மேலே படிந்த மாவுச்சத்தும் கழுவிப் போகும். நன்றாக உதறி வடித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பிரட்டி, அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடும் படி இதுதான். வெற்றியும் தோல்வியும் இங்கேதான் முடிவாகின்றன.

குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் மூடிவைத்து மறுநாள் வறுக்கலாம். ஆறிய மாவுச்சத்து மீண்டும் இறுகிக் கெட்டிப்படும். முதல் நாள் சோறு உதிரியாய் வறுபடுவது இதனால்தான். அப்பத்தாவின் ரங்கூன் வீட்டில் காலையில் அவித்து மாலையில் வறுப்பார்களாம். ஆயினும் நம் ஊர் வெயிலில் நெடுநேரம் வெளியில் வைப்பது நல்லதன்று.

வறுக்கும் முறை

நம் வீட்டு இருப்புச்சட்டியே இதற்குச் சாலச் சிறந்தது. தோசைக்கல்லைப் பழக்குவது போல எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்கிய சட்டியில் எதுவும் ஒட்டாது. ஒட்டாப் பூச்சுள்ள சட்டியை வெறுமையாகக் கடுந்தீயில் காயவைத்தல் கூடாது. பூச்சுச் சிதைந்து தீய புகை வரும்.

காய்களைக் கழுவித் துணியில் ஒற்றி, தீக்குச்சிக் கனத்தில் நீளவாக்கில் அரியுங்கள். அனைத்தும் ஒரே கனமாக இருந்தால் ஒரே நேரத்தில் வேகும். சோயா சாஸ், வினிகர், சர்க்கரை, மிளகுத் தூள் ஆகியவற்றை ஒரு கிண்ணத்தில் கலந்து கையருகே வைத்துக்கொள்ளுங்கள். தீ மூட்டிய பிறகு எதையும் தேடக் கூடாது. வேலை முடிய மூன்று நிமிடமே ஆகும்.

இனி, இருவருக்கான பொருளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு தட்டு ஒரு தட்டாகச் செய்ய வேண்டும். சட்டி நிறையப் போட்டால் வெப்பம் இறங்கிவிடும். கடைக்காரர்கூடப் பெரும்பாலும் ஓரிரு தட்டுகளாகத்தானே போடுகிறார்!

சட்டியைப் பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். எண்ணெய் ஊற்றி, இலேசாகப் புகை தோன்றியதும் முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி, பாதி வெந்ததும் எடுத்துத் தனியே வையுங்கள். மீண்டும் சிறிது எண்ணெய். நசுக்கிய பூண்டும் கீறிய மிளகாயும் பத்து நொடி. வெங்காயம் அரை நிமிடம். பிறகு பீன்ஸ், கேரட். அடுத்து முட்டைக்கோஸ், குடைமிளகாய். இவை ஒரு நிமிடம் வதங்கட்டும். நறுக்கென்ற கடிப்பு மாறக் கூடாது. இப்போது உப்புப் போடாதீர்கள். உப்பு பட்டவுடன் சவ்வூடு பரவலால் காய்களின் நீர் வெளியே வந்து சட்டியை நனைத்துவிடும்.

காய்களை ஓரமாக ஒதுக்கி, நடுவில் நூடுல்சைப் பரப்பி, இருபது நொடி கிளறாமல் விடுங்கள். காய்ந்த இரும்பைத் தொட்டு அடிப்பக்கம் சற்றே முறுகட்டும். பிறகு இரண்டு கரண்டிகளால் தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். கலந்து வைத்த சாஸை நூடுல்சின் தலையில் ஊற்றாமல், சட்டியின் ஓரச் சுவரில் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் அதன் நீர் பொங்கிப் போய், மணம் மட்டும் உள்ளே இறங்கும். முட்டையையும் வெங்காயத் தாளையும் சேர்த்து, உப்புப் பார்த்து, உடனே இறக்கிவிடுங்கள். இது சூடாக உண்ண வேண்டிய பண்டம்.

ஐயங்களும் விடைகளும்

நூடுல்ஸ் கட்டியாக ஒட்டுவது ஏன்? வேகவைத்த நீர் போதவில்லை, அல்லது அலசவில்லை.

அறுந்து தூளாவது ஏன்? வேக்காடு மிகுந்துவிட்டது.

சட்டியின் அடியில் நீர் தேங்குவது ஏன்? காய்கள் ஈரமாக இருந்தன. அல்லது உப்பு முன்னதாக விழுந்தது. அல்லது அளவு மிகுந்தது.

கசப்பது ஏன்? பூண்டு கருகிவிட்டது. எண்ணெய் புகையும் சட்டியில் பூண்டுக்குப் பத்து நொடியே காலம்.

அஜினோமோட்டோ வேண்டுமா? இவ்வினாவை நண்பர்கள் அடிக்கடி கேட்கின்றனர். 1908-இல் ஜப்பானியப் பேராசிரியர் இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த குளூட்டமேட்டின் உப்பே இது. தக்காளியிலும் காளானிலும் சோயா சாசிலும் குளூட்டமேட்டு இயற்கையாகவே உண்டு. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஒரு கடிதத்திலிருந்தே, இது தலைவலி முதலிய தொல்லைகள் தரும் என்ற அச்சம் பரவியது. பின்னர் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில், உணவில் வழக்கமாகச் சேரும் அளவு அத்தொல்லைகளைத் தருவதாக உறுதிப்படவில்லை. எனவே அஞ்ச வேண்டியதில்லை. சோயா சாஸ் இருக்கும்போது இதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

நாம் கவனிக்க வேண்டியது உப்பையே. ஒரு மேசைக்கரண்டி சோயா சாசில் ஏறத்தாழ இரண்டரை கிராம் உப்பு அடங்கியிருக்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. வீட்டில் செய்வதன் பெரும்பயன் இங்கேதான் இருக்கிறது. உப்பும் எண்ணெயும் நம் கையில்; காய்களின் அளவும் நம் விருப்பில். இரத்த அழுத்தம் உள்ள என் அப்பத்தாவுக்குச் சாஸைப் பாதியாக்கி, மிளகையும் எலுமிச்சைச் சாற்றையும் கூட்டிச் செய்கிறோம். அவர் அதை விரும்பியே உண்கிறார்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், சீன நூடுல்ஸ் பெரிய அடுப்புக்கும் பெயர் தெரியாத பொடிக்கும் மட்டுமே கட்டுப்பட்டதன்று என்பது விளங்கும். காரணம் அறிந்து செய்தால் ஒற்றை அடுப்பும் பழைய இருப்புச்சட்டியும் போதும். விடுதியை விட்டு அறை எடுத்துத் தங்கும் நண்பர்கள் இதை முயன்று பார்க்கலாம். வேதியியல், இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் கற்கும் உள்ளுறை வெப்பமும் சவ்வூடு பரவலும் தேர்வுத் தாளோடு முடிந்துவிடக் கூடாது; அவை நம் தாய்மார்களின் அடுப்பு வரை செல்ல வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இந்தப் பகுதியில் பினாங்கு, ஈப்போ, ரங்கூன், சைகோன் என்று ஏதேனும் ஓர் ஊரின் பெயரைச் சொல்லும் முதியவர் இல்லாத தெரு அரிது. அவர்கள் அங்கே கற்ற சமையலும் மொழியும் தொழில்நுட்பமும், யாரேனும் சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சத்தால் வெளிவராமலே இருக்கக்கூடும். அப்படி ஒரு வீட்டில் ஐம்பது ஆண்டுகள் அடங்கிக் கிடந்த கலையைத்தான் மேலே எழுதினேன். மாணவ நண்பர்களே, விடுமுறையில் உங்கள் அப்பத்தாவிடமும் ஐயாவிடமும் சற்றே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவை இடம்பெறட்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.